ஓட்டுக்குள் இருந்தது யார்?

மழைக்காலத்தில் குளத்து நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் மொண்டு வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நீர்ப்பாசி இழைகளுக்கிடையே கடுகைவிடச் சிறிய உருண்டைகள் சில விறுவிறுவென்று ஓடுவதைக் காணலாம். கைவில்லை ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. அந்த உருண்டை உண்மையில் உருண்டை அன்று. இரண்டு ஓடுகள் சேர்ந்த சிறு பெட்டி. குண்டூசியால் மெல்லத் தொட்டால் பெட்டி மூடிக்கொள்ளும். குவளையின் அடியில் போய் அசையாமல் கிடக்கும். சற்றுப் பொறுத்துப் பார்த்தால் ஓடுகள் இலேசாகத் திறக்கும்; இடைவெளியில் மயிர்போன்ற கால்கள் நீண்டு மறுபடியும் ஓட்டம் தொடங்கும்.

கிளிஞ்சல் குஞ்சு என்று எண்ணிவிடாதீர்கள். கிளிஞ்சலுக்குக் கணுக்கணுவாக மடங்கும் கால்கள் கிடையா. இது இறால், நண்டு ஆகியவற்றின் உறவு. கிரஸ்டேசியா என்னும் பெருங்கூட்டத்தில் ஒரு பிரிவு. விலங்கியலார் இதை ஆஸ்ட்ரகோடு என்பார்கள். ஓடு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

பெரும்பாலான ஆஸ்ட்ரகோடுகள் அரை மில்லிமீட்டரிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் வரைதான் நீளம் உள்ளவை. ஆழ்கடலில் வாழும் ஜைகாண்டோசிப்ரிஸ் மட்டும் விதிவிலக்கு. கோலிக்குண்டு அளவுக்கு வளரும். குளம், ஏரி, நெல்வயல், உப்பங்கழி, கடற்கரை மணல், பெருங்கடலின் அடித்தளம் என்று நீர் உள்ள இடமெல்லாம் இவை வாழ்கின்றன. இன்று வாழ்வனவற்றில் பெயரிடப்பட்டவை மட்டும் ஏறத்தாழ 8,000 சிற்றினங்கள். பாறைகளில் தொல்லுயிர் எச்சமாகக் கிடைப்பவையோ இதைவிடப் பன்மடங்கு அதிகம். கணுக்காலிகளில் இவற்றைப்போல் ஏராளமான எச்சங்களை விட்டுச் சென்ற கூட்டம் வேறில்லை எனலாம்.

காரணம், அந்த ஓடுதான். அது சுண்ணாம்பால் ஆனது, எளிதில் அழியாது. ஆனால் ஓட்டுக்குள் இருந்த உடலோ இறந்த சில நாட்களில் அழுகிப் போய்விடும். கால், உணர்கொம்பு, தாடை, கண் எதுவும் மிஞ்சாது. ஆகவே பாறையை ஆராய்பவருக்குக் கிடைப்பது ஆளில்லாத வீடு. வீட்டைப் பார்த்து, இதில் குடியிருந்தவர் இன்னார், இவருக்கு உறவினர் இன்னார் என்று சொல்லவேண்டும். முடியுமா? முடியும் என்றுதான் நூற்றைம்பது ஆண்டுகளாக அறிஞர்கள் நம்பி, ஆயிரக்கணக்கில் பெயர் சூட்டி வந்தார்கள். அந்த நம்பிக்கைக்கு வந்த சோதனையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

வீட்டைப் படிக்கும் கலை

முதலில், ஓட்டிலிருந்து என்னென்ன தெரிந்துகொள்ளலாம் என்று பார்ப்போம். களிப்பாறைத் துண்டை நீரில் ஊறவைத்துக் குழைத்து, மெல்லிய சல்லடையில் அலசி, எஞ்சிய வண்டலை உலர்த்துவார்கள். பிறகு கறுப்புத் தட்டில் அதைத் தூவி, நுண்ணோக்கியின் கீழே வைத்து, மிக மெல்லிய ஓவியத் தூரிகையின் நுனியை ஈரப்படுத்தி ஒவ்வொரு ஓடாகத் தொட்டெடுப்பார்கள். எடுத்ததைக் கட்டம் போட்ட சிறு அட்டையில் ஒட்டுவார்கள். நாள் முழுதும் உட்கார்ந்தாலும் ஒரு கைப்பிடி மண் தீராது. பொறுமையற்றவர்களுக்கு ஏற்ற தொழில் அன்று இது.

ஓட்டின் வெளிப்புறத்தில் குழிகள், வரப்புகள், முட்கள், வலைப்பின்னல்கள் இருக்கும். கண்ணைக் கவர்பவை இவைதாம். ஆனால் அதிகம் ஏமாற்றுபவையும் இவையே. அனுபவசாலிகள் ஓட்டைப் புரட்டி உட்புறத்தைப் பார்ப்பார்கள். இரண்டு ஓடுகளும் முதுகுப்புறத்தில் ஒரு கீலால் இணைந்திருக்கும். நம் வீட்டுப் பெட்டியின் கீல் போலவே சிலவற்றில் வெறும் வரப்பும் பள்ளமும் இருக்கும். சிலவற்றில் ஒன்றோடொன்று பொருந்தும் பற்களும் குழிகளும் இருக்கும். ஓட்டின் நடுவே, மூடுதசைகள் ஒட்டியிருந்த இடத்தில் சிறு தழும்புகள் தெரியும். அத்தழும்புகள் எத்தனை, எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பது குடும்பத்திற்குக் குடும்பம் மாறும். உணர்மயிர்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுண்துளைகளும் உண்டு.

1960களின் பிற்பகுதியில் எலெக்ட்ரான் கற்றையால் மேற்பரப்பை வருடிப் படம் எடுக்கும் நுண்ணோக்கி ஆய்வுக்கூடங்களுக்கு வந்தது. அதுவரை மங்கலாகத் தெரிந்த துளைகளும் தழும்புகளும் மலைகளும் பள்ளத்தாக்குகளும் போலத் துலக்கமாயின. ஆஸ்ட்ரகோடு ஓடுகளை இரட்டைப் படங்களாக வெளியிட்டு, பார்ப்பவர் கண்ணுக்குப் பருப்பொருளாகவே தோன்றச் செய்யும் படத்தொகுதி ஒன்று 1973இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்டது.

இன்று வாழும் உயிரிகளில் ஓட்டையும் காலையும் ஒருசேரப் பார்க்கலாம். நார்வே நாட்டின் ஜார்ஜ் ஓசியன் சார்ஸ் 1866இல் அப்படிப் பார்த்துத்தான், முக்கியமாக உணர்கொம்புகளையும் கால்களையும் கொண்டு, ஆஸ்ட்ரகோடுகளை நான்கு பிரிவுகளாக வகுத்தார். அவற்றில் மையோடோகோப்பா, பொடோகோப்பா என்னும் இரண்டு பெயர்களை நினைவில் வையுங்கள்; பின்னால் வேண்டியிருக்கும். இந்தச் சார்ஸ் ஒரு வேடிக்கையான வேலையும் செய்தார். ஆஸ்திரேலியா முதலிய தொலைதூர நாடுகளிலிருந்து காய்ந்த குளத்துச் சேற்றைக் கட்டியாக வரவழைத்து, தம் ஊரில் கண்ணாடித் தொட்டிகளில் நீரூற்றி வைத்தார். சேற்றில் உறங்கிக் கிடந்த முட்டைகள் பொரிந்து, ஆஸ்திரேலிய ஆஸ்ட்ரகோடுகள் நார்வேயில் நீந்தின! கோடையில் வறண்ட நம் ஊர்க் குளத்துச் சேற்றிலும் இதைச் செய்து பார்க்கலாம். செலவு ஒன்றும் இல்லை.

அழிந்துபோனவற்றைச் சார்ஸின் தொட்டியில் எழுப்ப முடியாது. அங்கேதான் சங்கடம் தொடங்குகிறது.

ஒரே உயிருக்கு ஒன்பது ஓடுகள்

கிளிஞ்சல் தன் ஓட்டின் விளிம்பில் சிறிது சிறிதாகச் சுண்ணாம்பைச் சேர்த்து வளர்கிறது. அதனால் ஓட்டின்மேல் வளர்ச்சிக் கோடுகள் வளையம் வளையமாகத் தெரியும். ஆஸ்ட்ரகோடு அப்படிச் செய்வதில்லை. நண்டைப் போலவே பழைய ஓட்டை முழுதாகக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிய ஓடு அணிகிறது. ஆகவே அதில் வளர்ச்சிக் கோடு இராது. முட்டையிலிருந்து முதிர்வதற்குள் பொடோகோப்பா வகை எட்டு முறை ஓடு களைகிறது. முதிர்ந்த ஓட்டையும் சேர்த்தால், ஒரே உயிர் ஒன்பது ஜோடி ஓடுகளை விட்டுச் செல்லக்கூடும்.

இந்த ஒன்பதும் ஒரே மாதிரி இருந்தால் கவலையில்லை. ஆனால் குழந்தையின் ஓடு முக்கோணம் போலவும், முதிர்ந்ததன் ஓடு நீள்வட்டமாகவும் இருக்கலாம். இளம் பருவத்தில் கீல் எளிமையாக இருந்து, முதிர்ந்தபின் பற்கள் தோன்றலாம். இதை உணராத ஒருவர் என்ன செய்வார்? ஒன்றுக்கொன்று வேறான சிற்றினங்கள் என்று எண்ணித் தனித்தனிப் பெயர் வைத்துவிடுவார். அப்படி வைக்கவும் செய்தார்கள்.

இதிலிருந்து தப்ப ஒரு நல்ல வழி உண்டு. உங்கள் கணக்கு நோட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரே பாறையில் கிடைத்த ஒரே சாயலுள்ள ஓடுகளை எல்லாம் எடுத்து நீளத்தையும் உயரத்தையும் அளந்து, வரைபடத்தாளில் புள்ளி வையுங்கள். எல்லாம் ஒரே சிற்றினத்தின் பருவங்கள் என்றால் புள்ளிகள் கண்டபடி சிதறா. கொத்துக்கொத்தாக, படிக்கட்டுபோல் ஏறும். ஒவ்வொரு முறை ஓடு களையும்போதும் உடலின் பருமன் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. பருமன் இரண்டு மடங்கானால் நீளம் எத்தனை மடங்கு? இரண்டின் கனமூலம், அதாவது 1.26 மடங்கு. முதற்பருவத்தில் 0.15 மி.மீ. நீளமிருந்தால், எட்டு முறை 1.26ஆல் பெருக்க, ஏறக்குறைய 0.95 மி.மீ. வரும். முதிர்ந்த ஓட்டுக்கு இது நியாயமான அளவுதான். உயிர்கள் கணக்குப் புத்தகத்தை அப்படியே பின்பற்றுவதில்லை. எனினும் படிகள் தெளிவாகவே தெரியும்.

ஆணும் பெண்ணும் வேறுபடுவது அடுத்த பொறி. பால்டிக் கடலைச் சுற்றியுள்ள சைலூரியன் காலப் பாறைகளில் பேரிக்கியா என்னும் ஆஸ்ட்ரகோடு மிகுதியாகக் கிடைக்கிறது. பனியாறுகள் அப்பாறைகளை உடைத்து ஜெர்மனியின் வடபகுதி வரை இழுத்து வந்து போட்டிருக்கின்றன. எர்ன்ஸ்ட் பேரிக் என்ற ஜெர்மானிய நிலவியலாரின் நினைவாக 1846இல் இப்பெயர் வைக்கப்பட்டது. இதன் ஓடுகளில் சிலவற்றின் கீழ்ப்பகுதியில் பந்துபோல் ஒரு புடைப்பு உண்டு, சிலவற்றில் இல்லை. முதலில் இரண்டும் வேறு வேறு உயிர்களோ என்று ஐயுற்றனர். பின்னர் அந்தப் புடைப்புக்குள்ளேயே மிகச் சிறிய குஞ்சு ஓடுகள் கிடைத்தன. புடைப்பு என்பது தாய் தன் குஞ்சுகளைக் காத்த பை. புடைப்புள்ளது பெண், இல்லாதது ஆண் என்று வழக்குத் தீர்ந்தது. நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் தன் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்த நிலையிலேயே கல்லாகிவிட்டாள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இதைவிட வியப்பான சங்கடம் ஒன்றும் இருந்தது. ஓட்டின் எந்த முனை முன்புறம், எந்த முனை பின்புறம்? சிரிக்க வேண்டாம். அவரை விதையைக் கையில் கொடுத்து இதன் முகம் எந்தப் பக்கம் என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? குஞ்சுப் பை பின்புறத்தில்தானே இருக்கும் என்று எண்ணியவர்கள் ஓட்டை ஒரு திசையில் வைத்து வருணித்தார்கள். இன்று ஏற்கப்பட்டுள்ள கருத்தின்படி பேரிக்கியாவின் பை முன்பாதியைச் சார்ந்தது. எனவே பழைய நூல்கள் சிலவற்றில் இவ்வுயிர்கள் பின்பக்கமாக நடந்துகொண்டிருக்கின்றன.

1961ஆம் ஆண்டின் ஐந்து பெட்டிகள்

இத்தனை இடர்ப்பாடுகளுக்கிடையே உழைத்தவர்களின் அறுவடை 1961இல் ஒரு பெருநூலாயிற்று. முதுகெலும்பற்ற தொல்லுயிர்கள் அனைத்தையும் தொகுக்கும் அமெரிக்க நூல்வரிசையில் ஆஸ்ட்ரகோடுகளுக்கென்றே ஒரு தொகுதி வெளிவந்தது. அதில் ஆஸ்ட்ரகோடுகள் ஐந்து வரிசைகளாக வகுக்கப்பட்டன. மையோடோகோப்பிடா, பொடோகோப்பிடா இரண்டும் இன்றும் வாழ்பவை. ஆர்க்கியோகோப்பிடா, லெப்பர்டிட்டிகோப்பிடா, பேலியோகோப்பிடா என்னும் மற்ற மூன்றும் ஓடுகளை மட்டும் கொண்டு அமைத்த பிரிவுகள். அவற்றுள் ஆர்க்கியோகோப்பிடாவே மிகப் பழையது. 50 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கேம்பிரியன் காலத்தது. ஆஸ்ட்ரகோடுகளின் பாட்டன், பூட்டன் இவைதாம் என்று கருதினார்கள். இரண்டு ஓடு, சிறிய உருவம், முதுகில் நேரான விளிம்பு. வேறு என்ன வேண்டும்?

வேண்டியது கால்கள்தாம். அவை கிடைத்தது எதிர்பாராத இடத்தில்.

சுவீடனில் கின்னகுல்லே என்னும் குன்றும் அதன் சுற்றுவட்டாரமும் கேம்பிரியன் காலக் கருங்களிப்பாறைக்குப் பெயர்பெற்றவை. அப்பாறைக்குள் ஆங்காங்கே சுண்ணாம்புக் கல் உருண்டைகள் இருக்கும். சுத்தியலால் அடித்தால் கெட்ட நாற்றம் வரும். அதனால் நாற்றக்கல் என்று பொருள்படும் 'ஓர்ஸ்டன்' என்னும் பெயரை அவ்வூரார் அதற்கு வைத்தனர். பான் பல்கலைக்கழகத்தின் கிளாஸ் ம்யுல்லர் இந்தக் கற்களை வேறு காரணத்திற்காகச் சேகரித்தார். கானடான்ட் எனப்படும் நுண்ணிய பல் போன்ற எச்சங்களே அவர் தேடியவை. கல்லை மென்மையான அசிட்டிக் அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு கரையும். பாஸ்பேட்டால் ஆனவை மட்டும் கரையாமல் எஞ்சும். வினிகரில் முட்டையோடு கரைவது உங்களுக்குத் தெரிந்ததே; அதே வேதியியல்தான்.

அந்த வண்டலில் இருவோட்டு உயிரிகளும் இருந்தன. 1964இல் ம்யுல்லர் அவற்றைப் பாஸ்பேட்டோகோப்பா என்று பெயரிட்டு ஆஸ்ட்ரகோடுகளில் ஒரு பிரிவாக வருணித்தார். பத்தாண்டுகளுக்குப் பின், 1975 வாக்கில், அவர் கண்ணில் வேறொன்று பட்டது. சில ஓடுகள் வெறுமையாக இல்லை. உள்ளே கால்கள் இருந்தன! உணர்கொம்பு, தாடை, காலின்மேல் முளைத்த மயிர் உட்பட எல்லாம் பாஸ்பேட் பூச்சுப் பெற்று, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அந்த உடலில் அப்படியே நின்றன. நசுங்கக்கூட இல்லை. 1979இல் இதை அவர் வெளியிட்டபோது தொல்லுயிரியலார் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தனர்.

ஆளில்லாத வீட்டில் ஆள் அகப்பட்டுவிட்டார். ஆனால் அவர், பெயர்ப்பலகையில் எழுதியிருந்தவர் அல்லர். ஆஸ்ட்ரகோடுக்குத் தாடையை அடுத்து வரும் உறுப்புகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு வேலைக்கென வெவ்வேறு வடிவில் அமைந்தவை, எண்ணிக்கையும் சொற்பம். பாஸ்பேட்டோகோப்பாவிலோ தாடைக்குப் பின்னுள்ள கால்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தவைபோல வரிசையாக இருந்தன. உண்மையான கிரஸ்டேசியா அனைத்துக்கும் பொதுவான சிறப்புத் துணைத்தாடையும் அவற்றில் உருவாகவில்லை. ஓடு ஒத்திருந்தது, உடல் ஒத்திருக்கவில்லை. நெடுநாள் ஆய்வுக்குப்பின் 2003இல் மாஸ், வாலோசெக், ம்யுல்லர் மூவரும் வெளியிட்ட பெருங்கட்டுரை, பாஸ்பேட்டோகோப்பா ஆஸ்ட்ரகோடு அன்று; இன்றைய கிரஸ்டேசியா முழுமைக்கும் பக்கத்துக் கிளையாக நின்ற தனிக் கூட்டம் என்று காட்டியது. தாம் சூட்டிய பெயரின் பொருளைத் தம் கையாலேயே திருத்த ஒரு விஞ்ஞானிக்கு வாய்ப்புக் கிடைப்பது அரிது. ம்யுல்லருக்குக் கிடைத்தது.

தேடியது ஒன்று, கிடைத்தது உலகம்

கேம்பிரியன் இருவோட்டு உயிரிகளில் மற்றொரு கூட்டம் பிராடோரியா. 1984 ஜூலை முதல் நாள், சீனாவின் யுன்னான் மாநிலத்தில் செங்ஜியாங்குக்கு அருகிலுள்ள மாவோதியன் குன்றில் ஹோ சியன்குவாங் என்பவர் பாறைகளைப் பிளந்துகொண்டிருந்தார். அவர் தேடி வந்தது இந்தச் சின்னஞ்சிறு பிராடோரியா ஓடுகளைத்தான். பிளந்த ஒரு பலகையில் ஓட்டுக்குப் பதிலாக, கால்களோடு கூடிய ஒரு மென்னுடல் உயிரி ஈரத்தில் மின்னியது. செங்ஜியாங் புதையல் என்று இன்று உலகம் போற்றும் 52 கோடி ஆண்டுப் பழமையான உயிர்க்கூட்டம் இவ்வாறுதான் வெளிப்பட்டது. ஆஸ்ட்ரகோடு ஆராய்ச்சி சில்லறை வேலை என்று இனி எவரும் சொல்லாதிருப்பாராக.

அந்த இடத்திலேயே பிராடோரியாவின் விடையும் இருந்தது. குன்மிங்கெல்லா என்னும் பிராடோரியா ஏராளமாகக் கிடைத்தது. அவற்றில் சில கால்களோடு. 1996இல் ஹோவும் அவருடைய ஐரோப்பியத் தோழர்களும் அக்கால்களை வருணித்தனர். ஒரு ஜோடி உணர்கொம்பு. அதன்பின் தமக்குள் அதிக வேறுபாடில்லாத கால் வரிசை. ஆஸ்ட்ரகோடுக்குரிய அடையாளம் எதுவும் இல்லை. பிராடோரியாவும் வெளியேறிற்று.

இப்படியாக 1961இன் முதற்பெட்டி காலியாயிற்று. பெட்டி ஒன்று போனதால் என்ன நட்டம் என்று கேட்கலாம். ஆஸ்ட்ரகோடுகளின் தொடக்கமே மாறிவிட்டது. ஐயத்துக்கு இடமில்லாத ஆஸ்ட்ரகோடு ஓடுகள் ஆர்டோவிசியன் காலத்தின் தொடக்கத்தில், அதாவது சுமார் 48 கோடி ஆண்டுகளுக்கு முன்தான் வருகின்றன. 52 கோடி என்றிருந்த குடும்ப வரலாற்றில் மூன்று, நான்கு கோடி ஆண்டுகள் ஒரேயடியாகக் கழிந்தன. அந்த நீண்ட காலத்தில் இரண்டு ஓடு என்னும் உத்தியைக் கணுக்காலிகளில் வெவ்வேறு கூட்டங்கள் தனித்தனியே கண்டுபிடித்துப் பயன்படுத்தியிருக்கின்றன என்றும் தெரிந்தது. குளத்தில் வாழும் எஸ்தீரியா வகை இறாலும் அப்படிப்பட்டதே. அதன் ஓட்டில் கிளிஞ்சலுக்கு இருப்பதைப் போல வளர்ச்சிக் கோடுகள்கூட உண்டு; ஏனென்றால் அது பழைய ஓட்டைக் களையாமல் புதிய ஓட்டின்மேலேயே வைத்துக்கொள்கிறது. மகாராஷ்டிரத்தில் மாங்லி என்னும் ஊரின் கற்களில் கிடைத்த எஸ்தீரியாவுக்கு 1860களின் தொடக்கத்தில் பெயரிட்டவர் ரூபர்ட் ஜோன்ஸ் என்னும் ஆங்கிலேயர். நாகபுரிப் பகுதியில் எரிமலைப் பாறை அடுக்குகளுக்கு இடையே கிடைத்த நன்னீர் ஆஸ்ட்ரகோடுகளை 1860இல் ஆராய்ந்தவரும் இவரே. பாவம், எஸ்தீரியா என்ற பெயர் ஓர் ஈக்கு முன்னமே வைக்கப்பட்டிருந்தது. விதிப்படி ஈயே வென்றது. உருவத்தில் ஏமாறுவது ஒருபுறம் இருக்க, பெயரிலும் இப்படித் தகராறுகள் உண்டு.

கல்லை அரைத்துக் கண்ட உடல்

உண்மையான ஆஸ்ட்ரகோடுகளுக்குள்ளாவது ஓடு பொய் சொல்லாமல் இருக்கிறதா? இதற்கு விடை இங்கிலாந்தின் ஹெரிபோர்டுஷையரிலிருந்து வந்தது. அங்கே 42.5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் எரிமலைச் சாம்பல் படிந்து பல உயிர்களை மூடியது. உடல் அழுகிய வெற்றிடத்தில் கால்சைட் நிரம்பி, சுற்றிலும் கல் உருண்டை உருவாயிற்று. உடலின் வார்ப்பு உள்ளே பத்திரமாக இருக்கிறது. எடுப்பது எப்படி? அமிலத்தில் போட்டால் கல்லோடு வார்ப்பும் கரையும். ஊசியால் செதுக்கலாம் என்றால் கால்கள் மயிரிழையளவே.

டெரிக் சிவட்டர், டேவிட் சிவட்டர், மார்க் சட்டன், டெரிக் பிரிக்ஸ் ஆகியோர் துணிச்சலான முறையைக் கையாண்டனர். கல்லை அரைத்தார்கள். ஒரு முறை அரைத்தால் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு போகும். தெரிகிற குறுக்குவெட்டைப் படம் எடுப்பார்கள். மறுபடி அரைப்பார்கள், மறுபடி படம். ரொட்டியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் முகத்தையும் படமெடுத்து, அப்படங்களை அடுக்கி முழு ரொட்டியை மீண்டும் உண்டாக்குவது போல, நூற்றுக்கணக்கான படங்களைக் கணிப்பொறியில் அடுக்கி முழு உடலையும் உருவாக்கினர். வேலை முடியும்போது கையில் எச்சம் இராது, தூள்தான் இருக்கும். உலகில் ஒன்றே ஒன்றாக இருக்கும் பொருளை அரைத்துப் பொடியாக்க மனம் துணிவது எளிதன்று. ஆனால் அரைக்காமல் அலமாரியில் வைத்திருந்தால் அது என்றென்றும் வெறும் கல்லே.

2003 டிசம்பரில் முதல் பலன் வெளிவந்தது. ஐந்து மில்லிமீட்டர் நீளமுள்ள ஆஸ்ட்ரகோடு. கண்கள், நீந்தும் உணர்கொம்புகள், செவுள்கள் எல்லாம் தெரிந்தன. ஆண் என்பதும் ஐயமறத் தெரிந்தது. கொலிம்போசதான் என்று அதற்குப் பெயர். நீச்சல்காரன் என்னும் பொருள் அப்பெயரில் அடங்கியிருக்கிறது. அதன் கால்களும் செவுள்களும் இன்று வாழும் மையோடோகோப்பாவின் ஒரு குடும்பத்தோடு அப்படியே பொருந்தின. 42.5 கோடி ஆண்டுகளில் உடலமைப்பு ஏறக்குறைய மாறவே இல்லை! 2007இல் வெளியான இன்னொன்று பெண். முட்டைகளை ஓட்டுக்குள் சுமந்த நிலையில் கிடைத்தது.

2012இல் வெளியான பாலின் அவிபெல்லா என்பதுதான் நம் கதைக்கு முக்கியமானது. அதன் கால்களும் செவுள்களும் மையோடோகோப்பா என்று திட்டவட்டமாகச் சொல்லின. ஓடோ, அதுவரை அறிந்த எந்த மையோடோகோப்பாவின் ஓட்டையும் ஒத்திருக்கவில்லை. உடல் கிடைக்காமல் ஓடு மட்டும் கிடைத்திருந்தால் அதை வேறு ஏதாவது ஒரு பிரிவில் சேர்த்திருப்பார்கள். யாரும் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள். ஓட்டை மட்டும் நம்பி வகைப்படுத்துவதில் எச்சரிக்கை வேண்டும் என்று ஆய்வாளர்களே எழுதினர். அவர்களில் சிலர் வாழ்நாளெல்லாம் ஓடுகளை வைத்தே வகைப்படுத்தியவர்கள் என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும்.

அப்படியானால் பழைய பெயர்கள் எல்லாம் குப்பைக்கூடைக்கா? என் கருத்தில் அப்படி இல்லை. சிற்றினம், பேரினம் என்ற அளவில் ஓடு நம்பத்தக்க சாட்சி. ஒரு குறிப்பிட்ட ஓடு ஒரு குறிப்பிட்ட காலப் பாறையில்தான் கிடைக்கும் என்பதை எண்ணெய்க் கிணறு தோண்டுபவர்கள் நாள்தோறும் சரிபார்த்துவருகிறார்கள். துளைக்கருவி மேலே கொண்டுவரும் கல் துகளில் ஓடு உடையாமல் வருவது, அது அவ்வளவு சிறியதாக இருப்பதனால்தான். பாறையின் வயதைச் சொல்ல அதன் காலைப் பார்க்க வேண்டியதில்லை. இன்னொன்றும் உண்டு. நன்னீர் வகையா, உவர்நீர் வகையா, கடல் வகையா என்று ஓட்டைக்கொண்டு கண்டால், அந்த இடத்தில் அன்று இருந்தது ஏரியா கடலா என்று சொல்லிவிடலாம். சங்கடம் எல்லாம் மேலே, வரிசை, உட்பிரிவு என்னும் பெருங்கிளைகளில்தான். யார் யாருக்கு உறவு என்னும் கேள்வி வரும்போதுதான் ஓடு தடுமாறுகிறது. வாழ்பவற்றுக்கு மரபணுக்களை ஒப்பிட்டு உறவு காணலாம். கல்லில் மரபணு ஏது?

தீராத இரண்டு வழக்குகள்

1961இன் பேலியோகோப்பிடா, பெர்மியன் காலத்தின் முடிவை ஒட்டி ஏறத்தாழ மறைந்துபோன கூட்டம். மேலே கண்ட பேரிக்கியா இதைச் சேர்ந்ததாக வைக்கப்பட்டது. 1949இல் நியூசிலாந்தின் ஹார்னிபுரூக், புன்சியா, மனாவா என்னும் இரண்டு சிறு ஆஸ்ட்ரகோடுகளை அந்நாட்டுக் கடல் மணலிலிருந்து வருணித்தார். ஓடுகள் பழைய பேலியோகோப்பிடாவை உரித்து வைத்தாற்போல் இருந்தன. இறந்துபோன கூட்டத்தின் வாரிசு இன்னும் உயிரோடிருக்கிறதா? நாற்பது ஆண்டுகள் இக்கேள்வி காத்துக் கிடந்தது. 1980களில் கெர்ரி சுவான்சன் உயிருள்ள மனாவாவையே பிடித்து, 1989இல் அதன் உடலை வருணித்தார். ஓடுகளை அகல விரித்தபடி அது மணலில் ஊர்ந்தது. கால்களோ பெரிதும் பொடோகோப்பாவை நினைவூட்டின.

இதற்கு இரண்டு பொருள் கொள்ளலாம். பழைய பேலியோகோப்பிடாவும் பொடோகோப்பாவுக்கு நெருங்கிய உறவே என்பது ஒன்று. மனாவா பேலியோகோப்பிடாவே அன்று, ஓட்டுச் சாயல் தற்செயல் என்பது மற்றொன்று. இரண்டு கட்சிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். பெர்மியன் பாறைகளுக்கும் மனாவாவின் முன்னோருக்கும் இடையே உள்ள நெடிய இடைவெளியில் இவ்வகை ஓடுகள் தொடர்ச்சியாகக் கிடைத்தால் முதற்கட்சி வெல்லும்.

லெப்பர்டிட்டியாவின் வழக்கு இன்னும் சிக்கலானது. இவை ஆர்டோவிசியன் காலத்திலிருந்து டெவோனியன் காலம்வரை ஆழமற்ற கடலோரங்களில் கூட்டம் கூட்டமாக வாழ்ந்தவை. ஆஸ்ட்ரகோடுக்குரிய அளவை மீறிச் சில சென்டிமீட்டர்கூட வளர்ந்தன. மழமழப்பான, தடித்த ஓடு. பார்த்தால் பெரிய புளியங்கொட்டை போலிருக்கும். ஓட்டைப் புரட்டினால் மூடுதசைத் தழும்புகள் நாலைந்து அல்ல, நூற்றுக்கும் மேல். எந்த ஆஸ்ட்ரகோடுக்கும் இத்தனை தழும்பு கிடையாது. இதனால் இவை ஆஸ்ட்ரகோடு தாமா என்று பலர் ஐயுறுகின்றனர். இருவோட்டு உத்தியைத் தனியே கண்டுபிடித்த இன்னொரு கூட்டமாகவும் இருக்கலாம் என்கிறார்கள். கால்கள் தெளிவாகத் தெரியும்படி ஒரே ஒரு லெப்பர்டிட்டியா ஏதேனும் ஒரு கல் உருண்டைக்குள் அகப்பட்டால் வழக்கு ஒரு நாளில் முடிந்துவிடும். அந்தக் கல்லை உடைக்கப் போகிறவர் இப்போது எந்த ஊரில், எந்த வகுப்பில் படித்துக்கொண்டிருக்கிறாரோ!